பின்னறையில் ஒரு சாய்வுமானி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். சளி போய்விட்டது, இருமல் மட்டும் வீட்டைக் காலி செய்ய மறுக்கிற குடித்தனக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உன் முழங்கால் எப்படி? அத்தான் கப்பலிலிருந்து பேசினாரா?

ஒரு உதவி வேண்டும். அடுத்த வாரம் ஒருவர் உன் வீட்டுக்கு ஒரு பெட்டி கொண்டுவருவார். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரியது. சாய்வுமானி என்று பெயர். தரை எவ்வளவு சாய்கிறது என்று அளக்கும். பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பலகை இருப்பதாக வைத்துக்கொள். அதன் ஒரு முனைக்கு அடியில் ஓர் அரிசியைச் செருகினால், அந்தச் சாய்வுகூட இதற்குத் தெரியும். உன் பின்னறைக்குக் கீழே வெறும் பாறை என்று வீடு கட்டும்போது கொத்தனார் அலுத்துக்கொண்டாரே, அதனால்தான் உன் வீடு. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் பாறைமேல் நிற்கிற வேறு வீடு எனக்குத் தெரியாது.

உங்கள் கரைக்கு அடியில் இரண்டு பாறைத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. அவை சட்டென்று வழுக்கினால் வீடு ஆடும். அது எல்லோருக்கும் தெரிந்த நிலநடுக்கம். சில சமயம் அதே தட்டுகள் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு மெல்ல வழுக்கும். டம்ளரில் இருக்கிற தண்ணீர்கூட அலம்பாது. அதுவும் நிலநடுக்கம்தான், மெதுவானது. இந்த மெதுவானதற்கும் அந்த வேகமானதற்கும் என்ன உறவு என்பதுதான் என் வேலை.

பெட்டிக்கு உன் நடமாட்டமும் தெரியும். ஆகவே அந்த அறையில் என்ன நடந்தாலும் நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுது. சிலிண்டர் வந்த நாள் முதல் மழை விட்ட நேரம் வரை எழுதிவைக்கிற உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, பெட்டி அளந்ததெல்லாம் பதிவாகியிருக்கும் கார்டையும் நோட்டின் நகலையும் தபாலில் அனுப்பு. இந்த மலையில் போன் பிடிக்க அரை மணி நேரம் கீழே இறங்க வேண்டும். அதனால் அதே உறையில் ஒரு கடிதமும் வை.

முழங்காலை விசாரித்ததாகச் சொல்.
வாலு


ஜனவரி 22

அன்பு வாலுவுக்கு,

ஆண்டவன் துணையில் இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் முழங்காலும். அத்தான் ஞாயிற்றுக்கிழமை பேசினார். கப்பல் என்ஜின் பழுது, அவருக்குக் கை நிறைய வேலை, ஆகவே உற்சாகம். வர இன்னும் ஐந்து மாதம் ஆகும்.

பெட்டிக்காரர் வந்தார். பின்னறை மூலையில் தரையை வெட்டிப் பாறையில் ஒட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் தண்ணீர் ட்ரம் இருக்கிறதே, நகர்த்தவா என்று கேட்டேன். "இருக்கட்டும்மா, எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்றார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்து, "என்ன, தங்கமா?" என்றாள்.

"தங்கம் இல்லக்கா. தரை ஆடுதான்னு பாக்குற பெட்டி."

"அதுக்கு எதுக்குப் பெட்டி? என்னைக் கேட்டா நான் சொல்லமாட்டேனா?"

இருநூறு பக்க நோட்டு ஒன்று போட்டுவிட்டேன், நாளுக்கு ஒரு பக்கம். காலை 5:30 முதல் 6:10 வரை பாய் விரித்துப் பிரார்த்தனை. 6:15க்கு ட்ரம் நிரப்புதல், இருநூறு லிட்டர், பதினோரு நிமிடம். பிறகு பெருக்குதல். அறைக்குள் வேறு ஆள் வந்தால் அதுவும் எழுதுகிறேன். பூனைக்கு மட்டும் நேரம் போட முடியவில்லை.

இன்னொன்று. போன வாரம் பஸ் நிலையத்தில் தற்செயலாக அப்பாவைப் பார்த்தேன். மெலிந்துவிட்டார். என் போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். உன்னை விசாரித்தார்.

இருமலுக்கு வெந்நீர் குடி, மலைக் காற்றில் தலையைக் காட்டாதே.
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் காலி. அதற்கு வெந்நீரும் காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

கார்டு வந்தது. உன் வீட்டை இங்கிருந்தே பார்க்கிறேன். தினமும் 6:15க்கு ட்ரம் நிரம்ப நிரம்ப, பெட்டி வரைந்த கோடு படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. நீ பாயில் உட்கார்ந்தால் ஒரு சின்ன மேடு, எழுந்தால் சரிவு. பிப்ரவரி 6 அன்று பிரார்த்தனையில் பாதியில் எழுந்து போயிருக்கிறாய். பால் பொங்கியதா? ஆண்டவன் மன்னிப்பார், என் பெட்டி மன்னிக்காது.

இங்கே எங்கள் ஆய்வுக் குழுத் தலைவர் உன் நோட்டைப் பார்த்து அசந்துபோனார். "இருபத்தாறு வீட்ல பெட்டி வச்சிருக்கோம். இப்படி எழுதுறவங்க ஒருத்தர்தான்" என்றார். எங்க அக்கா என்று சொல்லிக்கொண்டேன்.

நீ எழுதிய இன்னொரு விஷயத்துக்குப் பதில். அந்த ஆளைப் பற்றி இனி எழுதாதே. எனக்கு ஒன்பது வயதில், "சாயங்காலம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அம்மா இறந்து மூன்றாம் நாள் வந்து வாசலில் நின்றார். அன்றைக்கு நீ என் கையைப் பிடித்து, அவரைப் போய்ப் பார்க்கமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தாய். பஸ் நிலையம் தற்செயல், அதை நான் சேர்க்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வாலு


மார்ச் 17

அன்பு வாலுவுக்கு,

நலம். பொங்கியது பால் அல்ல, பருப்பு.

நீ சொன்னபடியே ஆகட்டும். இனி எழுதவில்லை.

பிப்ரவரிக் கார்டும் பக்கங்களும் வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்றுமில்லை. மெதுவான நிலநடுக்கம் வந்தால் எனக்குத் தெரியாது என்கிறாய். தெரியாமல் நடக்கிற ஒன்றுக்குத் தினமும் காவல் இருப்பது எனக்குப் பழக்கமான வேலைதான், பிரார்த்தனையும் அப்படித்தானே.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


ஏப்ரல் 19

அன்பு வாலுவுக்கு,

முதலில் இதைப் படி: எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கும் ஒன்றுமில்லை. நீ மலையிறங்கி வந்து போனில் கேட்டபோது அழுதுவிட்டாய், அதனால் எழுத்திலும் சொல்கிறேன்.

முந்தாநாள் காலை 10:20. கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். லாரி வருகிற மாதிரி சத்தம், ஆனால் சத்தம் தெருவிலிருந்து வரவில்லை, காலுக்குக் கீழேயிருந்து வந்தது. பிறகு அலமாரிப் பாத்திரம் எல்லாம் இறங்கி வந்துவிட்டன. மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். நீ சொல்லித்தந்தபடி எண்ணினேன், இருபத்தெட்டு வரை. வெளியே வந்தால் தையல்காரம்மா தெருநடுவில் டேப்பைக் கழுத்தில் போட்டபடி நிற்கிறாள். "பெட்டி எதுக்கு, நானே சொல்லுவேன்னீங்களேக்கா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் சிரித்தாள். தெருவில் இரண்டு மதில் விழுந்தது, ஆள் சேதம் இல்லை.

பெட்டி அசையாமல் இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது. கார்டையும் நேற்று வரை உள்ள பக்கங்களையும் உடனே அனுப்புகிறேன். நிலநடுக்கம் வரும்வரை அறையில் எல்லாம் வழக்கம்போலத்தான். நோட்டில் இருக்கிறது.

ஆண்டவன் பார்த்துக்கொண்டார், நீயும் அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்.
அக்கா


மே 21

அக்கா,

நலமா? நான் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. முதலில் சந்தோஷத்தில், இப்போது வேறு காரணத்தில்.

சந்தோஷம் இது. மார்ச் 31லிருந்து ஏப்ரல் 14 வரை, பதினைந்து நாள், உன் பெட்டி கடல் பக்கமாக மெல்லச் சாய்ந்திருக்கிறது. கை வைத்து வரைந்த மாதிரி ஒரே சீரான கோடு. 17ஆம் தேதி வேகமான நிலநடுக்கம். நான் தேடியது இதுதான். கனமான பீரோவை நகர்த்தியிருக்கிறாயா? ஒரு கால் வழுக்கிக்கொண்டே வரும், இன்னொரு கால் சிக்கி நிற்கும். வழுக்கிய காலின் பாரமெல்லாம் சிக்கிய காலில் ஏறும். பிறகு அது டக்கென்று குதிக்கும். மெதுவாக வழுக்கிய இடத்தை ஒட்டியேதான் வேகமானது தொடங்கியிருக்கிறது என்று உன் பின்னறையை வைத்து என்னால் காட்ட முடியும். அவ்வளவு பக்கத்தில் வேறு பெட்டி இல்லை.

இப்போது சிக்கல். மார்ச் 28லிருந்து ஏப்ரல் 15 வரை, பத்தொன்பது நாள், கோட்டில் ட்ரம் இல்லை. படிக்கட்டே இல்லை. நோட்டில் தினமும் 6:15 ட்ரம், இருநூறு லிட்டர், பதினோரு நிமிடம் என்று இருக்கிறது. 16ஆம் தேதி காலை பெட்டியில் மறுபடி ட்ரம் தெரிகிறது.

தலைவர் சொன்னார்: "ரெண்டு சாட்சி, ரெண்டும் வேற வேற சொல்லுது. இருநூறு கிலோ பக்கத்துல ஏறினதைப் பார்க்காத பெட்டி, கடலுக்கு அடியில நடந்ததைப் பார்த்துச்சா? கெட்டுப்போன பெட்டியும் இப்படித்தான் மெல்லச் சாயும்."

"ஒருவேளை நோட்டு தப்பா இருந்தா?" என்று இன்னொருவர் கேட்டார்.

நானே எழுந்து சொன்னேன்: "எங்க அக்கா நோட்டு தப்பா இருக்காது."

உட்கார்ந்திருந்த கிளையை நானே வெட்டினேன். செப்டம்பரில் அறிக்கை. அதற்குள் தீராவிட்டால் உன் வீட்டுப் பகுதியை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். அதை எடுத்தால் மூன்று வருட வேலையில் மிஞ்சுவது அறிக்கையின் மேலட்டைதான். நீ ட்ரம்மை வேறு இடத்தில் வைத்திருந்தாயா? கொஞ்சம் யோசித்துச் சொல்.

வாலு


ஜூன் 14

அன்பு வாலுவுக்கு,

சுகம். முழங்கால் பரவாயில்லை. அத்தான் வந்துவிட்டார். விழுந்த பாத்திரங்களில் நெளிந்தவற்றை எல்லாம் தட்டிச் சரிசெய்துகொண்டிருக்கிறார். வீடு பட்டறை மாதிரி இருக்கிறது.

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். ட்ரம் இடம் மாறவில்லை.

ஒரு சந்தேகம். பெட்டி சரி, நோட்டுதான் தப்பு என்று வைத்துக்கொண்டால், உன் வேலை என்ன ஆகும்?

இந்த மாதக் கார்டு உள்ளே.
அக்கா


ஜூலை 3

அக்கா,

நீ கேட்டதற்கு முதலில் பதில். பெட்டி சரி, நோட்டு தப்பு என்றால், இருபத்தாறு வீடுகளில் எங்களுக்குக் கிடைத்ததிலேயே சுத்தமான பத்தொன்பது நாள் அதுதான். ஆள் நடக்காத, தண்ணீர் ஏறாத, கதவு சாத்தாத வீடு. அந்த வீட்டில் தரை சாய்ந்தால் சாய்த்தது பூமிதான். யாரும் மறுக்க முடியாது.

உன் கடிதம் வந்த பிறகு கோட்டை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். ட்ரம் மட்டுமா இல்லை? அந்தப் பத்தொன்பது நாளும் பாயில் யாரும் உட்காரவில்லை. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தவள் நீ.

நீ வீட்டில் இல்லை. எங்கே இருந்தாய்? ஆஸ்பத்திரியா? எனக்குத் தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவேன் என்று மறைத்தாயா? என்ன ஆபரேஷன்? அறிக்கை கிடக்கட்டும். அத்தானுக்காவது தெரியுமா?

தலைவருக்கு வேண்டியது ஒன்றுதான்: நோட்டு எழுதியவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள், அந்த நாட்களில் வேறு இடத்தில் இருந்ததற்கு ஓர் ஆதாரம். எனக்கு வேண்டியது நீ நன்றாக இருக்கிறாய் என்ற ஒரு வரி. அதை முதலில் எழுது.

வாலு


ஜூலை 16

அன்பு வாலுவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். என் உடம்பில் ஒரு கத்தியும் படவில்லை. நீ கேட்ட வரியை முதலில் எழுதிவிட்டேன்.

மார்ச் 27 மதியம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இடுப்பெலும்பு முறிந்து ஒருவரைச் சேர்த்திருக்கிறோம், சட்டைப்பையில் உங்கள் எண் இருந்தது என்றார்கள். மறுநாள் விடிந்ததும் பிரார்த்தனைகூடச் செய்யாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். ஆறு மணி நேரப் பயணம். அப்பாவைப் பார்க்கத்தான் போனேன். ஏப்ரல் 15 மாலை வீடு திரும்பினேன்.

அங்கே நர்ஸ், "நீங்க யாரு அவருக்கு?" என்று கேட்டாள்.

"மகள்."

"ஒரே மகளா?"

"இல்ல, இன்னொருத்தி இருக்கா. பூமி ஆடுறதைப் படிக்கிறா."

கண்ணை மூடிப் படுத்திருந்தவர், "சின்னதுல அவ ஓடினாலே வீடு அதிரும்" என்றார். அவ்வளவுதான்.

வந்த அன்று நோட்டைத் திறந்தேன். பத்தொன்பது பக்கம் வெள்ளையாக இருந்தது. வெள்ளையாக அனுப்பினால் ஏன் என்று கேட்பாய். கேட்டால் சொல்ல வேண்டும். ஒரே இருப்பில் உட்கார்ந்து பத்தொன்பது நாளையும் எழுதினேன். பெருக்கியது, துடைத்தது, ட்ரம், செய்யாத பிரார்த்தனைக்குக்கூட நேரம் போட்டேன். அதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது, நிறுத்தவில்லை. பூனையை மட்டும் சேர்க்கவில்லை. பொய்யிலும் எனக்கு ஒழுங்கு வேண்டியிருந்தது. அதன் பிறகு நீ உன் தலைவர் முன்னால் எழுந்து நின்று என் நோட்டுக்காகப் பேசியதைப் படித்தபோது, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜூன் மாதமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உன் வேலையைவிட என் பயம் பெரிதாகிவிட்டது.

பொய் எழுதியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், ஆண்டவனிடம் கேட்டாகிவிட்டது. போனதற்குக் கேட்கவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கை மீறினேன். மறுபடி அந்தப் போன் வந்தாலும் மறுபடி ரயில் ஏறுவேன். இதை நீ தெரிந்துகொள்வது நல்லது.

உள்ளே மூன்று தாள் இருக்கிறது. ஒன்று, நோட்டின் அந்தப் பத்தொன்பது பக்கமும் நான் கற்பனையாக எழுதியவை என்று கையெழுத்திட்ட தாள். அடியில் தையல்காரம்மாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இரண்டு, ரயில் டிக்கெட்டுகள். மூன்று, நோயாளியோடு தங்குகிறவருக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை, தினமும் தேதி முத்திரை குத்தியிருக்கும். அதில் நோயாளி பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. உறவு என்ற இடத்தில் மகள் என்று என் கையெழுத்து. அதை அடித்துவிட்டுக் கொடுத்தால் ஆதாரம் ஆகாது. கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம்.

கடைசியாக ஒன்று. நடக்கப் பழக்குகிற ஓர் இல்லத்தில் இப்போது இருக்கிறார். செப்டம்பர் முடிய வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு போக்கிடம் இல்லை. பின்னறைக்குப் பக்கத்து அறை இங்கே காலியாக இருக்கிறது. அத்தான் சம்மதித்துவிட்டார். உன்னிடம் சொல்லாமல் ஒருமுறை செய்துவிட்டேன், இந்த முறை சொல்லிவிட்டுச் செய்கிறேன். வேண்டாம் என்றால் உடனே எழுது.

உன் அக்காதான் எப்போதும்,
அக்கா


ஆகஸ்ட் 20

அன்பு வாலுவுக்கு,

நலம். கார்டும் பக்கங்களும் உள்ளே. பக்கங்கள் எல்லாம் நடந்தது நடந்தபடி. 9ஆம் தேதிப் பக்கத்தில் ஒன்றும் இல்லை, அன்று எழுத மறந்துவிட்டேன். அப்படியே விட்டிருக்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 26

அக்கா,

உன் இரண்டு கடிதமும் என் மேசையில் இருந்தன. பதில் எழுதாததற்குக் காரணம் வேலை என்று சொல்லலாம், பாதி உண்மை. மீதிப் பாதி, ஜூலையில் நாலு கடிதம் எழுதி, அனுப்பாமல் கிழித்துப் போட்டேன். அவற்றில் இருந்தது உனக்கே தெரியும், இங்கே திருப்பி எழுதவில்லை. கோபம் முழுக்கப் போகவில்லை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

அறிக்கை போன திங்கட்கிழமை. உன் தாளையும் டிக்கெட்டையும் கொடுத்தேன். அட்டையை இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு அதையும் எடுத்துத் தலைவர் மேசையில் வைத்தேன். முத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினார், கோட்டோடு ஒப்பிட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"உங்க அக்கா இவ்வளவு நாள் கூட இருந்திருக்காங்களே. பேஷண்ட் யாரு?"

"எங்கப்பா" என்றேன்.

இருபத்திரண்டு வருடமாக என் வாயில் வராத சொல். சாதாரணமாக வந்துவிட்டது. அவர், "இப்ப நல்லா இருக்காரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். பெட்டியைப் பற்றி அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

உன் பின்னறை அறிக்கையில் முழுதாக இருக்கிறது, எட்டாம் பக்கம் முதல் பத்தொன்பதாம் பக்கம் வரை. எல்லா மெதுவான நிலநடுக்கமும் வேகமானதைக் கூட்டிவந்துவிடாது. பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமல் வந்து, தெரியாமல் நின்றுவிடும். எது நிற்கும், எது பாரத்தைப் பக்கத்து இடத்தில் ஏற்றிவிட்டுப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. இதையும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஏப்ரலில் உன் கரையில் ஏற்றிவிட்டுத்தான் போயிருக்கிறது. அதை நான் நிரூபித்துவிட்டேன். அடுத்த மூன்று வருடத்துக்கும் அனுமதி கிடைத்துவிட்டது, இன்னும் பத்து வீட்டில் பெட்டி வைக்கப்போகிறோம்.

பக்கத்து அறை விஷயம். வீடு உன்னுடையது, என்னைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பெட்டிக்குத் தெரிய வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நடந்தால் கோட்டில் விழும். கைத்தடி வைத்து நடக்கிறவர் என்றால் அடியும் தடியும் தனித்தனியாக விழும். அதைக் கழித்துப் பார்க்க, வருகிறவரின் எடை எனக்கு வேண்டும். எந்தக் காலை ஊன்றி நடக்கிறார் என்பதும் வேண்டும். எழுதி அனுப்பு. நிலநடுக்க வேலைக்காகத்தான் கேட்கிறேன்.

உன் முழங்காலையும் பார்த்துக்கொள்.
வாலு


அக்டோபர் 5

அன்பு வாலுவுக்கு,

எல்லோரும் சுகம்.

எடை ஐம்பத்தாறு கிலோ. தடி அரைக் கிலோ. வலது காலை ஊன்றுகிறார், இடதை இழுத்து வைக்கிறார். அத்தான் ஒருபுறம் பிடிக்க, 3ஆம் தேதி காலை 11:40க்கு வாசல்படி ஏறினார். அறைக்குப் போக இருபத்து மூன்று காலடி. நடுவில் ஒருமுறை நின்றார், நாலு நிமிடம். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார், உன் பெட்டி என்று சொன்னேன். அதன் பிறகு தடியை மெதுவாக ஊன்றி நடந்தார்.

கார்டு உள்ளே இருக்கிறது. பார்த்துக்கொள்.

அக்கா